இரண்டு பிராந்து

மாயம்மாள் எந்த வாசலை விட்டு இறங்கினாலும் படியில் கொஞ்ச நேரம் நிற்பாள். வலது கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். அது முதல் பார்வை. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். நான் தலையசைத்த பிறகுதான் காலைக் கீழே வைப்பாள். வீட்டு வாசல், கிடங்கு வாசல், ரேஷன் கடை வாசல், எங்கேயும் இப்படித்தான். பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பார்வையை அவள் ஊரிலிருந்தே கொண்டு வந்தாள். இரண்டாவது 1978-ல் சேர்ந்தது. அது சேர்ந்த விதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவளுக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் ஒச்சப்பன் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்க வந்தவர். 1976-ல் அவளையும் கூட்டி வந்தார். எட்டாவது மாதம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. ஊரில் பேச்சி என்று ஒரு தங்கை மட்டும். மாயம்மாள் திரும்பிப் போகவில்லை. ஒச்சப்பன் மூட்டை தூக்கிய சுக்குக் கிடங்கிலேயே சுக்கு தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

நான் அதே கிடங்கில் பதினான்கு வயதிலிருந்து இருக்கிறேன். உம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த வருடம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். இரண்டும் தெரியும், ஆனால் இரண்டிலும் அதிகம் பேச மாட்டேன். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தொண்டை அடைத்துவிடும். கிடங்கில் எனக்கு "மிண்டாப்பூச்ச" என்று பெயர். வாய் திறக்காத பூனை என்று அர்த்தம்.

கிடங்குக்குப் பின்னால் நடுமுற்றம், அதைத் தாண்டி ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் காயல். முற்றத்தில் பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைப் புடைத்துப் பிரிப்போம். பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் ஓட்டின்மேல் காத்திருக்கும் பருந்துகள் இறங்கிவிடும். கையில் இருக்கும் மீனைக் கையோடு பிறாண்டிக்கொண்டு போகும். மாயம்மாள் வந்த பிறகு இதற்கு ஒரு வழி பிறந்தது. காலையில் வரும்போதே மீன்கடையில் கழித்துப் போட்ட தலைகளைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் கொண்டுவந்துவிடுவாள். பன்னிரண்டே காலுக்கு எழுந்து காயல் சுவரின் கோடிக்குப் போய் வைப்பாள். வழக்கமாக வருவது இரண்டு பருந்து. ஒன்றுக்கு இடது இறக்கையில் இரண்டு சிறகு கிடையாது. அவை தலைகளைத் தின்று முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

அவள் ஊர்ப் பேச்சில் பருந்துக்குப் பிராந்து என்று பெயர். மலையாளத்தில் பிராந்து என்றால் பைத்தியம்.

இது தெரிந்த நாளிலிருந்து கிடங்கில் தினம் ஒரு கூத்து. மேஸ்திரி கார்த்தியாயனி சேச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"மாயம்மே, இன்னு பிராந்து வந்தோ?"

மாயம்மாள் மரியாதையாக வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். "வந்துருச்சு சேச்சி. ரெண்டும் வந்துருச்சு."

"ரெண்டெண்ணமோ! என்னிட்டு?"

"என்னிட்டு என்ன, மீன் தலையப் போட்டேன். போயிருச்சு."

"கேட்டோடீ! பிராந்தினு மருந்து மீன் தலை!"

முற்றமே உருண்டு சிரிக்கும். இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் மாயம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தத்தைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். என் பக்கத்து முறம் அவளுடையது. நான் தலையில் போட்டிருந்த தட்டத்தை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு வருடம் சிரித்தேன்.

1978 பிப்ரவரியில் ஒரு மத்தியானம். மாயம்மாள் பஜார் ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குடத்தோடு முறத்தையும் கழுவ எடுத்துப் போயிருந்தாள். நான் கிடங்கு வாசலில் என் குடத்தோடு நின்றேன். படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கையில் பொரித்த மத்தி மீன் ஒன்று.

பருந்து விழுந்ததை நான் நிழலாகத்தான் பார்த்தேன். குழந்தை வீறிட்டது. அடுத்த நொடி மாயம்மாள் குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். இன்னொரு பருந்து வட்டம் போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. "பிராந்து! பிராந்து!" என்று கத்திக்கொண்டே தாயின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பறித்து, முறத்தால் மூடிக்கொண்டு, கிடங்குக்குள் ஓடி வந்துவிட்டாள். அவள் ஊரில் கோழிக்குஞ்சுகளை அப்படித்தான் கூடையால் மூடிக் காப்பாற்றுவார்களாம்.

தாய் மேலே பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அவர்கள் கண்டது, பாண்டிக்காரி, அதாவது தமிழ்க்காரி ஒருத்தி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை. அந்த மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. பின்னாலேயே இருபது பேர் வந்தார்கள். ஒருவன் அவள் கொண்டையைப் பிடித்தான். ஒருவன் முறத்தை உடைத்து அதன் விளிம்பால் அடித்தான். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மாயம்மாள் அடி வாங்கிக்கொண்டே கையை மேலே காட்டி "பிராந்து, பிராந்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீப் வந்தது. இறங்கிய எஸ்.ஐ. கூட்டத்தை விலக்கினார். கார்த்தியாயனி சேச்சி முன்னால் போய் நின்றாள். பிள்ளை பிடித்த கேஸ் என்றால் ஜெயில் என்று அவளுக்குத் தெரியும். கையைக் கூப்பிக்கொண்டு, "ஸாரே, இவள்க்கு பிராந்தாணு. பாவமாணு. விட்டேக்கணே" என்றாள். காப்பாற்றத்தான் சொன்னாள். பைத்தியம் என்றால் நாலு திட்டு திட்டி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

எஸ்.ஐ. மாயம்மாளைப் பார்த்தார். "நினக்கு பிராந்துண்டோ?"

இவ்வளவு நேரத்தில் அவளிடம் சரியான விஷயத்தைக் கேட்ட முதல் ஆள் அவர். அவள் முகம் தெளிந்தது.

"இருக்கு சார். ரெண்டு இருக்கு. தெனமும் இந்நேரத்துக்கு வரும்."

அவர் தலையை ஆட்டினார். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் ஆறடி தூரத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜீப்பின் பின்னாலிருந்து அவள் எனக்குக் கையால் சைகை செய்தாள். சிரட்டையில் மீன் தலை இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடு என்று.

மறுநாள் கோர்ட்டுக்கு கார்த்தியாயனி சேச்சியோடு போனேன். பைத்தியத்தைப் பற்றிய விசாரணையை எல்லோர் முன்னாலும் வைக்க மாட்டார்களாம். ஒரு பக்க அறையில் மஜிஸ்ட்ரேட் இருந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கில் மாயம்மாளின் முதுகு தெரிந்தது. ஜாக்கெட் தோளில் கிழிந்திருந்தது. மஜிஸ்ட்ரேட் வயதானவர், மெதுவாகப் பேசினார். ஊர் கேட்டார், பெயர் கேட்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். எப்போதிலிருந்து என்றார்.

"ஊர்லயும் உண்டுங்கய்யா. சின்னப் புள்ளையிலருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இங்க இன்னும் ஜாஸ்தி."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. நான் கதவில் கை வைத்தேன். வாசலில் நின்ற பியூன், "எந்தா?" என்றான்.

"ஒன்னுமில்லா" என்றேன்.

பத்து நாள் டாக்டர் பார்வையில் வைக்கும்படி உத்தரவு ஆயிற்று. வெளியே வந்ததும் நான் சேச்சியின் முந்தானையைப் பிடித்தேன். "சேச்சி, உள்ளே போய்ச் சொல்லிருவோம். அக்கா பருந்தத்தான் சொல்லுது."

"மிண்டாதிரி! பேசாம இரு. நீ சொன்னா என்ன ஆகும்? பிராந்தில்லேன்னா பிள்ளையப் பிடிச்சவளாகும். நேரே ஜெயில். போலீஸ்கிட்ட பொய் சொன்னதுக்கு நானும் கூடப் போகணும். பத்து நாள் ஆஸ்பத்திரிச் சோறு தின்னுட்டு வந்துருவா, நோக்கிக்கோ."

அது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் சரியாகப் பட்டது. மூன்று நாள் மீன் தலையைப் போட்டேன். நாலாம் நாள் சிரட்டையோடு காயல் சுவர்க் கோடியிலேயே நின்றுவிட்டேன். அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில் நடந்ததையெல்லாம் தமிழில் எழுதினேன். கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிச்சுமணி என்று பெயர், திருப்பூணித்துறைக்காரர், தமிழ்ப் பிராமணர். தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் அந்த வராந்தாவில் அவர் ஒருவர்தான். மறுநாள் காலை காகிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

படித்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பிராந்துன்னா பருந்தா! ராமா ராமா. பருந்துன்னே சொல்லப்படாதோ அவளுக்கு?" பிறகு இரண்டாவது தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"உள்ள போய்ட்டாளா? மஜிஸ்ட்ரேட் கேட்டதுக்கு ஆமான்னு வேற சொல்லிட்டாளா?"

தலையை ஆட்டினேன்.

"இத பாரு கொழந்தே. இது 1912-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டமாக்கும். போலீஸ்காரனுக்கு ஒருத்தரப் பாத்தா ஆபத்தான பைத்தியம்னு தோணித்துன்னா புடிச்சுண்டு வரலாம். மஜிஸ்ட்ரேட் பத்து நாள் வச்சுப் பாக்கச் சொல்லுவார். போறலேன்னா இன்னும் பத்து, அப்பறம் இன்னும் பத்து. முப்பதுக்கு மேல வைக்கப்படாது. நடுவுல டாக்டர் பைத்தியம்தான்னு எழுதிக் குடுத்துட்டார்னா, வடக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவா. அங்க போறதுக்கு நாள் கணக்கு உண்டு, கேட்டயா. வரதுக்குக் கணக்கு கெடையாது."

"எத்தனை நாள்?" என்றேன்.

"நாள்ங்கறயே! பதினேழு வருஷம் இருந்தவாளை எனக்குத் தெரியும். கேக்க ஆள் இல்லேன்னா அங்கயேதான்."

அவரும் சேச்சி சொன்னதையே வேறு விதமாகச் சொன்னார். பைத்தியம் இல்லை என்றால் குழந்தைக் கேஸ் நிற்கும். அதனால் முதலில் குழந்தையின் தாய் வாயால் பருந்து என்று வர வேண்டும். அவள் வந்து சொன்னால் மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பத்தாம் நாள் விசாரணையில் இன்னும் பத்து நாள் நீட்டித்துவிட்டார்கள். அடுத்த தேதி இருபதாம் நாள்.

தாயின் விலாசம் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. சுல்ஃபத் என்று பெயர், சுள்ளிக்கல்லில் வீடு. போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீ ஆ கிடங்கிலெ பெண்ணல்லே? போ. எனிக்கொன்னும் கேக்கண்டா. ஆ பிராந்தி என்றெ குட்டியெக் கீறிக் களஞ்ஞு."

பைத்தியக்காரி நகத்தால் கீறிவிட்டாள் என்கிறாள். அவள் கதவைச் சாத்தவும் இல்லை, நான் போகவும் இல்லை. உள்ளேயிருந்து குழந்தை தத்தி வந்து அவள் காலைப் பிடித்தது. அதன் மணிக்கட்டில் காய்ந்த தழும்புகள். நான் குனிந்து அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினேன். மேலே மூன்று கோடு. அடியில் ஒன்று. என் வலது கை முழுதும் சின்ன வயதிலிருந்தே அதே மாதிரித் தழும்புகள். சட்டைக் கையை மேலேற்றிக் காட்டினேன். மூன்று, கீழே ஒன்று, பருந்து நகம் பிறாண்டியது. பிறகு என் ஐந்து விரலையும் அவள் கண்ணுக்கு முன்னால் விரித்தேன்.

சுல்ஃபத் குழந்தையின் கையையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்றெ ரப்பே! அவளெ தல்லிய கூட்டத்தில் ஞானும் உண்டாயிருந்நு" என்றாள். மாயம்மாளை அடித்தவர்களில் தானும் ஒருத்தி என்கிறாள்.

வருகிறேன் என்றாள். ஆனால் அவள் புருஷன் கபீர் பெண்பிள்ளை கோர்ட்டு ஏறக் கூடாது என்பவன். அவன் வேலைக்குப் போன பிறகுதான் வர முடியும், அதுவும் ஒரு நாள்தான் முடியும். இருபதாம் நாளே அந்த ஒரு நாள் என்று பேசிக்கொண்டோம்.

நடுவில் ஒரு தப்புச் செய்தேன். பதினாலாம் நாள் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். பூட்டிய வார்டு, கம்பிக்கு வெளியே ஒரு பெண் போலீஸ். மாயம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏ புள்ள, பிராந்துக்கு யாரு போடுறா?" என்றாள். பெண் போலீஸ் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினாள்.

"நான் போடுறேன்க்கா."

"நீயா! பயமில்லாமப் போடு. கண்ணப் பாக்காத, அம்புட்டுதான். இங்க டாக்டர் நல்ல மனுசன்டி. தெனமும் பிராந்தப் பத்தித்தான் கேக்குறாரு. அவருக்கும் ரொம்ப இஷ்டம் போல. றெக்கை இல்லாதது கதையெல்லாம் சொன்னேன், அப்படியே எழுதிக்கிட்டாரு."

பெண் போலீஸ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பிராந்து என்றால் இங்கே பைத்தியம் என்று அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது, சுல்ஃபத் வந்து சொல்வதற்குள் பிள்ளை பிடித்த கேஸ் ஆகிவிடுமே? கம்பியில் முகத்தை வைத்து, "அக்கா, இனிமே டாக்டர்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க. வாயத் திறக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்டி?"

"நேரம் கழிஞ்ஞு" என்றாள் பெண் போலீஸ்.

மாயம்மாள் என் பேச்சைக் கேட்டாள். அதற்குப் பிறகு டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்குச் சுல்ஃபத்தும் குழந்தையும் நானும் கோர்ட்டு வராந்தா ஏறினோம். பிச்சுமணி சார் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். அவர் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முந்தாநாள் அனுப்பிட்டா. தேதி வரைக்கும் காக்கலை. நாலு நாளா வாயே திறக்கலையாம். பேசறதையும் நிறுத்திட்டா, நோய் முத்திடுத்துன்னு டாக்டர் எழுதிட்டார். அன்னிக்கே ஆர்டர் ஆயிடுத்து."

வாயைத் திறக்காதே என்று சொன்னது நான்.

நான் யாரையும் கேட்கவில்லை. பக்க அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பியூன் பின்னால் கத்தினான். மஜிஸ்ட்ரேட் தலையைத் தூக்கினார். பிச்சுமணி சார் ஓடி வந்து எனக்காகப் பேச வாயெடுத்தார். மஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் சொல்லட்டும் என்றார். அறை முழுதும் என்னைப் பார்த்தது.

"பருந்து" என்றேன்.

அவர் காத்திருந்தார்.

"அக்கா சொன்னது பருந்தை, ஸார். அவங்க ஊர்த் தமிழில் பருந்துக்குப் பிராந்து என்று பேர்." மலையாளத்தில்தான் சொன்னேன். ஒரு தடவை வந்துவிட்ட பிறகு நிற்கவில்லை. மீன் தலை, சிரட்டை, சிறகு இல்லாதது, கிடங்குச் சிரிப்பு, எல்லாம் சொன்னேன். சுல்ஃபத் குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

மஜிஸ்ட்ரேட் ஃபைலை வரவழைத்து முதல் பக்கத்தைத் திறந்தார். தம்முடைய கேள்வியையும் அவள் பதிலையும் உதடு அசையப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். விசாரணை நடந்த அன்று நீ எங்கே இருந்தாய் என்று என்னைக் கேட்டார்.

"அந்தக் கதவுக்கு வெளியே."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். குழந்தைக் கேஸ் இனி இல்லை என்றார். ஆனால் தாம் போட்ட உத்தரவைத் தாமே அழிக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்றார். டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது. சொந்தக்காரரோ சினேகிதரோ பொறுப்பு ஏற்று எழுதிக் கொடுத்தால், ஆஸ்பத்திரியைக் கலந்துகொண்டு விடுவிக்கலாம். பேச்சிக்குக் கடிதம் போட்டோம். பதில் வரவில்லை.

பிச்சுமணி சார் மனு எழுதினார். "நீ அவளுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து முறம்."

"அதுக்குக் கட்டம் இல்லை. சினேகிதின்னு போட்டுக்கறேன்." பிறகு இங்கிலீஷில் இருந்த ஜாமீன் பத்திரத்தைத் தமிழில் சொன்னார். மேற்படி பைத்தியத்தை நான் தகுந்தபடி பராமரிப்பேன். அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன்.

"பைத்தியம்னு போட்டிருக்கே சார்."

"போட்டாத்தான் விடுவா. இல்லேன்னு போட்டா மறுபடியும் டாக்டர், மறுபடியும் விசாரணை. வருஷமாயிடும். என்ன பண்றே?"

அவள் அங்கே இருப்பதையும் அந்த வார்த்தையையும் நினைத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். வாப்பா கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

விடுவிக்கச் சம்மதம் சொல்ல வேண்டிய மேற்பார்வையாளர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவைதான் வருவார்களாம். முதல் மாதம் எங்கள் மனு போய்ச் சேரவில்லை. மே மாதம்தான் உத்தரவு வந்தது. நானும் வாப்பாவும் பஸ் ஏறிப் போனோம். அவளை அழைத்து வந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மருந்தினால் நடை தள்ளாடியது. கேட்டுக்கு வெளியே படியில் நின்று, கையை நெற்றிக்கு மேல் பிடித்து வானத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எதற்கு என்று புரியவில்லை. தலையை அசைத்தேன். இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வார்டுல தென்காசிக்காரி ஒருத்தி இருந்தா. அவதான் சொன்னா, பிராந்துன்னா இங்க என்னன்னு." ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டாள். "கிடங்குல அதுக்குத்தான் சிரிச்சீகளா?"

"ஆமாக்கா."

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மட்டாஞ்சேரி வரும்வரை ஜன்னலையே பார்த்திருந்தாள். இறங்கும்போது பஸ் படியில் நின்று வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாள் கிடங்குக்கு வந்தாள். கார்த்தியாயனி சேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கத்து முறத்தில்தான் உட்கார்ந்தாள். என்னோடு பேச இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் பேசியது, "மீன் தலை அழுகலா இருக்கு, பாத்துப் பொறுக்கக் கூடாதா?" என்பது.

இது 1989. மாயம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் சுக்குப் பிரிக்கிறாள். என் வீட்டிலேயே ஒரு அறையில் இருக்கிறாள். மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. சிறகு இல்லாத பருந்து வருவது நின்றுவிட்டது, வேறு இரண்டு வருகின்றன. அவற்றை அவள் பருந்து என்றுதான் சொல்கிறாள். பேச்சியைப் பார்க்க ஊருக்குப் போனது ஒரே தடவை, அதுவும் என்னோடு. அவள் என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று பத்திரம் சொல்கிறது, அது எதுவரை என்று சொல்லவில்லை. போன மாதம் பிச்சுமணி சாரைக் கேட்டேன். இரண்டு வருடம் முன்பு டெல்லியில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள், பழைய வார்த்தைகளையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றார். பத்திரத்தின் நகல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. அதன்படி மாயம்மாள் பைத்தியம், நான் அவளுக்குக் காவல்.